கிராமத்துச் சிறுதொழிலுக்கு ஏஐ பழகுவது எப்படி: ஆவணம், செலவு, நாள் கணக்கு

மணப்பாறைக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் முறுக்கும் தட்டையும் போட்டு விற்கிறோம். நானும் என் வீட்டுக்காரரும், கூட நான்கு பெண்கள். ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கற்றுக்கொள்ளப் போய் நான்கு மாதமும் 15,000 ரூபாய்க்கு மேலும் விட்டேன். சரியான வரிசையில் செய்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஊறுகாய் போடலாம், செக்கு வைத்திருக்கலாம், தையல் கடை நடத்தலாம். பொருளை மாற்றிக்கொண்டு படியுங்கள், வழி ஒன்றுதான்.

1. முதலில் நோட்டு, அப்புறம் போன்

ஒரு வாரம் போனைத் தொடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, தினமும் எந்த வேலை உங்கள் நேரத்தைத் தின்கிறது என்று எழுதுங்கள். என் நோட்டில் நான்கு வேலைகள் திரும்பத் திரும்ப வந்தன. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் ஆர்டர்களைக் கேட்டு எழுதுவது. வெளிமாநிலக் கடைகளின் ஆங்கிலச் செய்திகளுக்குப் பதில் போடுவது. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அடக்க விலையைத் திரும்பக் கணக்குப் போடுவது. பாக்கெட்டில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு வாசகம் எழுதுவது.

மாவுப் பதம் பார்ப்பதும் எண்ணெய்ச் சூடு பார்ப்பதும் நோட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்கு ஏஐ உதவாது.

மிச்சம் இருப்பதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எது லாபம் தரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதில் தப்பு நடந்தால் வெளியே போகும் முன் உங்கள் கண்ணில் படுமோ, அதை எடுங்கள். நான் ஸ்டிக்கரில் ஆரம்பித்தேன். அச்சடித்து வந்தபிறகுதான் தப்பு கண்ணில் பட்டது. ஆங்கிலச் செய்திகளில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

2. ஆவணங்களை முன்கூட்டியே முடியுங்கள்

போனில் ஏஐ பழக எந்த ஆவணமும் வேண்டாம். ஆனால் அரசு நடத்தும் பயிற்சிக்கு விண்ணப்பித்தாலும், அப்புறம் தொழிற்கடனுக்குப் போனாலும் கேட்பது இவற்றைத்தான்: ஆதார், பான், உத்யம் சான்றிதழ் (சிறுதொழிலை அரசில் பதிந்ததற்கான சான்று), வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம். சில பயிற்சிக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரு பைலில் போடுங்கள்.

ஆதாரில் இருக்கும் செல்போன் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய எண் என்றால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் எதுவும் நகராது. எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கோ தபால் நிலையத்துக்கோ நேரில் போகலாம். ஆவணம் எதுவும் தேவையில்லை, கைரேகை போதும். கட்டணம் 75 ரூபாய் (2025 அக்டோபருக்கு முன் 50 ஆக இருந்தது). மாற்றம் பதிவாகச் சில நாட்கள் பிடிக்கும். அதனால் இதுதான் முதல் நாள் வேலை.

அடுத்தது உத்யம் பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், தொழில் தொடங்கிய தேதி, ஆண் பெண் வாரியாக வேலையாட்கள் எண்ணிக்கை, என்ன செய்கிறீர்கள் என்பதற்கான தொழில் குறியீடு ஆகியவற்றைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் கூகுளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அசோகச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டு, அரசுத் தளம் போலவே வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் அப்படி ஒரு தளத்தில் 2,500 ரூபாய் கட்டினார். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே எண்ணைத் தட்டுங்கள். போனில் செய்யப் பயமாக இருந்தால் இ-சேவை மையத்தில் செய்யலாம். மகளிர் குழுவில் இருப்பவர்கள், உங்கள் வட்டாரத்தில் மதி சிறகுகள் தொழில் மையம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, பானில் அப்பா பெயர் முழுதாக. திருமணமான பெண்களுக்கு ஒன்றில் அப்பா, இன்னொன்றில் கணவர். பான் சரிபார்ப்பில் அப்படியே நின்றுவிடும். எனக்கு இதைச் சரி செய்யவே மூன்று வாரம் ஆனது.

3. போன், கணக்கு, தமிழ்

புதுப் போன் வாங்க வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். வாட்ஸ்அப் ஓடுகிற போனே போதும். தொழிலுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் ஆரம்பியுங்கள். பிள்ளைகள் விளையாடும் கணக்கில் தொழிலைக் கலந்தால், எந்தக் கேள்வி எங்கே போனது என்றே தெரியாது. கடவுச்சொல்லைப் போனில் மட்டும் வைக்காமல் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி, நோட்டைப் பீரோவில் வையுங்கள்.

கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் ஏஐ செயலிகளில் சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டில் ஒன்று போதும். இரண்டிலும் இலவச வகை இருக்கிறது, முதல் மூன்று மாதத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாது. வாட்ஸ்அப்பிலேயே மெட்டா ஏஐ இருக்கிறது, ஆழம் பார்க்க அதுவும் ஆகும்.

'இலவசம்' என்று வரும் சலுகைகளில் கவனம். ஏற்கும்போதே யுபிஐயில் ஆட்டோபேக்கு ஒப்புதல் வாங்கிவிடுவார்கள், காலம் முடிந்ததும் பணம் தானாகப் போகும். எனக்கு மாதம் 399 வீதம் மூன்று மாதம் போன பிறகுதான் தெரிந்தது. பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால் யார் யாருக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறோம் என்று காட்டும். அங்கேயே ரத்து செய்யலாம்.

தமிழில் தட்டச்சு வராவிட்டால் விசைப்பலகையில் மைக் படத்தை அழுத்திப் பேசுங்கள். ஆனால் எண்களைப் பேசாதீர்கள், தட்டுங்கள். ஒரு கடைக்கார அண்ணன் 'அம்பது பாக்கெட்' என்று பேசி அனுப்பியது எழுத்தில் ஒன்பது என்று வந்தது. அம்பதும் ஒம்பதும் நமக்கே சில சமயம் குழம்பும், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றிலிருந்து எந்தக் குரல் ஆர்டரையும் எண்ணில் எழுதி, 'இதுதானே அண்ணே?' என்று திருப்பி அனுப்பி, பதில் வந்த பிறகுதான் மாவு பிசைகிறோம்.

4. பயிற்சி எங்கே கிடைக்கும்

காசு கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதை முடியுங்கள். மத்திய அரசின் இந்தியா ஏஐ திட்டத்தில் 'யுவா ஏஐ ஃபார் ஆல்' என்ற இணைய வகுப்பு 2025 நவம்பரில் வந்தது. மொத்தம் நாலரை மணி நேரம், முடித்தால் சான்றிதழ் உண்டு. தினம் அரை மணி நேரம் பார்த்தால் பத்து நாளில் முடியும். வியாபாரம் கற்றுத் தராது, ஆனால் ஏஐ எதைச் செய்யும், எங்கே பொய் சொல்லும் என்று பிடிபடும். அது தெரிந்துவிட்டால் அடுத்து வருகிற யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

நேரில் கற்க, சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இரண்டு, மூன்று நாள் பயிற்சிகள் நடத்துகிறது. சாட்ஜிபிடி, ஏஐ பற்றியும் நடத்தியிருக்கிறார்கள். இதற்குக் கட்டணம் உண்டு, தங்குவதற்குத் தனி. அறிவிப்பு வகுப்புக்குச் சில நாள் முன்புதான் செய்தித்தாளில் வரும், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் இடம். எங்களைப் போலத் தூரத்தில் இருப்பவர்கள் ரயில் கட்டணத்தையும், கடை மூடும் மூன்று நாள் வருமானத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இதைத் தவிர உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை நேரில் போய் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பயிற்சி, முகாம் எது நடந்தாலும் தகவல் வரும். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சாப்பாடும் தங்குவதும் இலவசம். அங்கே பெரும்பாலும் தொழில் பயிற்சிதான் நடக்கும், ஆனால் 20, 25 பேர் சேர்ந்து கேட்டால் ஏஐக்கு ஒரு நாள் ஒதுக்க முடியுமா என்று பேசிப் பார்க்கலாம். குழுவாகப் போய்க் கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

இப்போது தனியார் வகுப்பு. பக்கத்து நகரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் ஒரு நாள் வகுப்பு, 4,999 ரூபாய், மதியச் சாப்பாட்டோடு. 'பத்தே நிமிடத்தில் உங்கள் வியாபாரம் பத்து மடங்கு' என்று நோட்டீஸ். போனேன். 140 பேர். திரையில் ஆங்கிலத்தில் வேகமாக ஏதேதோ ஓடியது. என் போனை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் நூறு ஆங்கிலக் கட்டளைகள் கொண்ட பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஒன்றுகூட முறுக்குக்கு ஆகாது. சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

எல்லாத் தனியார் வகுப்பும் அப்படி என்று சொல்ல மாட்டேன். காசு கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் போனில் என் கையால் செய்ய வைப்பீர்களா? தமிழில்தானா? எத்தனை பேர்? வகுப்பு முடிந்து ஒரு மாதம் வரை சந்தேகம் கேட்க ஆள் உண்டா? பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு வகுப்பில் 25 பேருக்கு மேல் இருந்தால் நமக்கு முறை வராது என்பது என் கணக்கு. 'இந்தச் சான்றிதழ் இருந்தால் மானியம் வாங்கித் தருகிறோம்' என்று சொல்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மானியக் கடன் விவரத்தைத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை.

5. வகுப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்

பில் புத்தகம், விலைப் பட்டியல், இப்போது ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று, உங்கள் பொருளின் பத்துப் பதினைந்து புகைப்படம், கடைக்காரர்களிடமிருந்து வந்த இருபது செய்திகள் (பெயரும் எண்ணும் மறைத்தது), சார்ஜர். இவற்றோடு போனால் சொல்லிக்கொடுப்பவர் உங்கள் வேலையை வைத்துத்தான் பாடம் நடத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ காபிக் கடை உதாரணத்தை எழுதிக்கொண்டு வீடு திரும்புவீர்கள்.

6. ஏஐயிடம் வேலை சொல்லும் விதம்

புதிதாக வந்த வேலைக்காரப் பெண்ணிடம் 'முறுக்கு போடு' என்றா சொல்வோம்? மாவு எவ்வளவு, எந்த அச்சு, எந்த நிறத்தில் எடுக்க வேண்டும், எது கூடாது என்று சொல்வோம். அதே மாதிரிதான். நான் ஆங்கிலச் செய்திகளுக்கு வைத்திருக்கும் வாசகம் இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

'நான் மணப்பாறை பக்கம் முறுக்கு செய்து கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பவள். கீழே ஒரு கடைக்காரர் ஆங்கிலத்தில் அனுப்பிய செய்தி இருக்கிறது. அவர் என்ன கேட்கிறார் என்று மூன்று வரியில் தமிழில் சொல். பிறகு நான் சொல்லும் பதிலை மரியாதையான, எளிய ஆங்கிலத்தில் எழுது. நான் சொல்லாத விலை, தேதி, தள்ளுபடி எதையும் நீயாகச் சேர்க்காதே. ஏதாவது விளங்காவிட்டால் என்னைக் கேள்.'

'நீயாகச் சேர்க்காதே' என்ற வரிக்கு விலை 340 ரூபாய். அது இல்லாமல் எழுதச் சொன்னபோது, பார்சல் செலவு எங்களுடையது என்று மரியாதைக்காகத் தானே ஒரு வரி சேர்த்துவிட்டது. கடைக்காரர் அதைக் காட்டிக் கேட்டார், கொடுத்தேன். அனுப்பும் முன் அந்த ஆங்கிலத்தை நகலெடுத்து, புதிதாக ஒரு உரையாடல் திறந்து, 'இதில் என்ன இருக்கிறது, தமிழில் சொல்' என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதும் அது சொல்வதும் ஒன்றானால் அனுப்பலாம்.

அடக்க விலைக் கணக்கில் நான் அரிசி மாவு, உளுந்து மாவு, எண்ணெய், எள், ஓமம், கவர் எல்லாம் கொடுத்தேன். 200 கிராம் பாக்கெட்டுக்கு 31 ரூபாய் என்றது. உண்மையில் 36 ஆகிறது. எங்கள் பக்கம் முறுக்கை இரண்டு முறை பொரிப்போம், அதற்கு எண்ணெய் ஒரு முறை கணக்குதான் போட்டிருந்தது. உடைசலும் கணக்கில் இல்லை. பாக்கெட்டுக்கு 5 ரூபாய் நஷ்டத்தில் விலை சொல்லியிருப்பேன். தப்பு அதனுடையது மட்டுமல்ல, நானும் சொல்லவில்லையே. இப்போது கணக்குக் கேட்கும் முன் ஒரு வரி சேர்க்கிறேன்: 'நான் எதையாவது சொல்லாமல் விட்டிருக்கிறேனா என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேள், அப்புறம் கணக்குப் போடு.' கேஸ், வண்டி வாடகை, திரும்பி வரும் பாக்கெட் என்று அதுவே கேட்கிறது. கூட்டலைக் கால்குலேட்டரில் ஒருமுறை சரி பாருங்கள். கால்குலேட்டர் சொல்வது என்றைக்கும் மாறாது.

தமிழில் விளம்பர வாசகம் கேட்டால் 'மொறுமொறுப்பான அனுபவத்தை உங்கள் இல்லத்திற்குக் கொண்டு வருகிறோம்' என்கிற மாதிரி எழுதும். முறுக்கில் என்ன அனுபவம்? நீங்கள் சந்தையில் பேசுகிற நான்கு வரியை எழுதிக் கொடுத்து, 'இந்தப் பேச்சில் எழுது' என்று கேளுங்கள். கொஞ்சம் தேறும்.

7. எதை நம்பவே கூடாது

ஸ்டிக்கர் கதைக்கு வருகிறேன். கம்பு முறுக்குக்கு வாசகம் கேட்டேன். 'நீரிழிவு உள்ளவர்களும் பயமின்றிச் சாப்பிடலாம்' என்று அழகாக எழுதிக் கொடுத்தது. 5,000 ஸ்டிக்கர், ஒன்று 1 ரூபாய் 80 காசு, 9,000 ரூபாய்க்கு அடித்தேன். ஆய்வுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் பார்த்துவிட்டு, எடுக்கச் சொன்னார். நல்ல மனிதர், எச்சரித்ததோடு விட்டார். நோயைத் தீர்க்கும், நோய்க்கு நல்லது என்று உணவில் எழுதச் சட்டம் விடாது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஏஐ எழுதியது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், ஸ்டிக்கரில் இருப்பது நம் முகவரி.

பொதுவாக ஸ்டிக்கரில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், சைவக் குறி, நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை நல்லது என்பது, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, ஒரு கிராம் அல்லது கிலோவுக்கான விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் எண், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுத் தொழில் உரிம எண்). ஏஐ போட்ட வடிவத்தில் இரண்டு இல்லை. இதை நோட்டில் எழுதி வைத்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். முதல் முறை 200 மட்டும் அடியுங்கள். விலை கூடத்தான் இருக்கும், இருக்கட்டும்.

வரி விஷயத்திலும் அப்படித்தான். பாக்கெட் முறுக்குக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் என்று எனக்குச் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். அது படித்தது பழைய பாடம். நம்பிக்கையோடு சொல்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், தெரியாததையும் அதே தொனியில்தான் சொல்லும். வரி, உரிமம், கடன் நிபந்தனை மூன்றையும் ஆடிட்டரிடமோ அந்தந்த அலுவலகத்திலோ கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதுவும் தெரியாமல் எண் வாங்கிவிட்டு மாதாமாதம் அல்லாடுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

படம் வேண்டுமென்றால் உங்கள் முறுக்கை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நீங்களே எடுங்கள். பின்னணியைச் சுத்தம் செய்ய மட்டும் ஏஐயை விடுங்கள். அது தானாக வரையும் முறுக்கில் சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. வாங்கியவர் பொருளைப் பார்த்ததும் சண்டைக்கு வருவார்.

8. எதைக் கொடுக்கக் கூடாது

ஆதார் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, ஓடிபி, வாடிக்கையாளர் பெயரும் எண்ணும், வேலை செய்யும் பெண்களின் விவரம். இதில் எதையும் ஏற்றாதீர்கள். ஆர்டர் பட்டியல் கொடுக்க வேண்டுமென்றால் கடை 1, கடை 2 என்று மாற்றிக் கொடுங்கள். அடுத்தவர் விவரத்தைக் கண்ட இடத்தில் போடுவதற்கு எதிராக 2023-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதைவிட, எண் வெளியே போனது தெரிந்தால் கடைக்காரர் அடுத்த ஆர்டரைத் தர மாட்டார். செயலியின் அமைப்புகளில், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்து வையுங்கள்.

9. நாளும் காசும்

முதல் வாரம் நோட்டு, ஆதாரில் இருக்கும் செல்போன் எண் சரிபார்ப்பு. இரண்டாவது வாரம் உத்யம், நகல்கள். பெயர்ச் சிக்கல் இருந்தால் இங்கே மூன்று வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது வாரம் இலவச வகுப்பு. அடுத்த ஒரு மாதம் ஒரே ஒரு வேலையில் பழக்கம், தினம் இருபது நிமிடம். அதற்குப் பிறகும் கற்க வேண்டும் என்று தோன்றினால் நேர்முகப் பயிற்சிக்குப் போங்கள். அப்போதுதான் கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.

செலவு: ஆதாரில் செல்போன் எண் மாற்ற 75, நகலும் புகைப்படமும் 150, இ-சேவை மையமும் பஸ்ஸும் சேர்த்து ஒரு 200. நெட் ஏற்கெனவே போடுவதுதான். நான் விட்டது வகுப்புக்கு 4,999, ஸ்டிக்கருக்கு 9,000, ஆட்டோபேக்கு 1,197, பார்சலுக்கு 340. மொத்தம் 15,536.

எங்களைப் போலப் பலகாரம் போடுகிறவர்கள் ஆவணியில் ஆரம்பிக்காதீர்கள். தீபாவளி முடியும் வரை மாவு பிசையவே கை போதாது, பாதியில் விட்டுவிடுவீர்கள். பொங்கல் முடிந்து தை கடைசியில் ஆர்டர் குறையும். நோட்டை அப்போது எடுங்கள். ஆதாரில் இருக்கும் செல்போன் எண்ணை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.